பிற்பகல் 11 மணி: இணையச் செயலிகளில் நாள், நேரக் காட்சியும் தமிழின் பொழுதுப் பகுப்பும்

முன்னுரை

இணையச் செயலிகளைத் தமிழில் பயன்படுத்துவோரின் கண்ணில் அடிக்கடி படுபவை நாளையும் நேரத்தையும் குறிக்கும் சிறு தொடர்கள் ஆகும். செய்தி வந்து சேர்ந்த நேரம், மின்கட்டணம் செலுத்த வேண்டிய கடைசி நாள், மருத்துவரைக் காண்பதற்கான முன்பதிவு, தொடர்வண்டி புறப்படும் வேளை ஆகிய அனைத்தும் இவ்வகைத் தொடர்களால் அறிவிக்கப்படுகின்றன. இவற்றை ஓர் எழுத்தாளர் அமர்ந்து எழுதுவதில்லை. ஓர் இதழாசிரியர் பார்த்துத் திருத்துவதுமில்லை. கணினி தன்னிடமுள்ள எண்ணையும் சொற்பட்டியலையும் இணைத்து அவ்வப்போது ஆக்கிக்கொள்கிறது.

அவ்வாறு ஆக்கப்பெறும் தொடர்களுள் ஒன்று ‘பிற்பகல் 11:00’ என்பது. இரவு 11 மணியைக் குறிக்கவே இத்தொடர் திரையில் தோன்றுகிறது. அதே முறையில் பின்னிரவு 2.30 மணி ‘முற்பகல் 2:30’ ஆகிறது. நள்ளிரவு ‘முற்பகல் 12:00’ ஆகிறது. தமிழ் அறிந்த எவரும் இரவைப் பகலின் ஒரு கூறாகச் சொல்வதில்லை. ஆயினும் தமிழ்த் திரைகளில் இவ்வழக்கு எதிர்ப்பின்றி நிலைபெற்று வருகிறது. நாள், நேரக் காட்சி என்பது நிரலாளரின் தொழில்நுட்ப வேலை மட்டுமன்று, அது சொற்பொருளும் தொடரமைப்பும் சார்ந்த இலக்கணப் பணி என்பதையும், அப்பணியில் தமிழ்த்துறைகள் நேரடியாகப் பங்கேற்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

சேமிப்பும் காட்சியும்

கணினிக்குள் காலம் மொழியற்றது. பெரும்பாலான கணினி அமைப்புகள் 1970 சனவரி 1 முதல் கழிந்த நொடிகளின் எண்ணிக்கையாக ஒரு கணத்தைக் கருதுகின்றன. பரிமாற்றத்திற்கு ஆண்டு, மாதம், நாள், மணி என்னும் வரிசையில் எழுதும் ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் தரத்தைப் பின்பற்றுகின்றன. இத்தரம் 1988இல் வெளியிடப்பட்டது. இரு முறைகளும் உலகப் பொதுவானவை. இவற்றில் தமிழுக்கோ ஆங்கிலத்திற்கோ இடமில்லை.

அந்த எண் மாந்தர் படிக்கும் தொடராக மாறும் இடத்தில்தான் மொழி நுழைகிறது. இம்மாற்றத்திற்கு வேண்டிய சொற்களையும் வரிசையையும் ஒருங்குறிச் சேர்த்தியம் பேணிவரும் பொது வட்டாரத் தரவுக் களஞ்சியம் (சி.எல்.டி.ஆர்.) வழங்குகிறது. மாதப் பெயர்கள், கிழமைப் பெயர்கள், அவற்றின் குறுக்கங்கள், நாளும் மாதமும் ஆண்டும் நிற்க வேண்டிய முறை, மணிக்கு முன்போ பின்போ வரும் பொழுதுச்சொல் ஆகிய அனைத்தும் மொழிவாரியாக அதில் தொகுக்கப்பட்டுள்ளன. தமிழுக்கென இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாட்டு வழக்குகளும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. 2012ஆம் ஆண்டு இறுதியில் எக்மா-402 என்னும் தரம் வெளிவந்த பின்னர், உலாவிகளில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியே இத்தகைய மொழிவழிக் காட்சிக்கு வழிவகுத்தது. இன்று தமிழ் அறியாத நிரலாளர் ஒருவரும் ஒற்றை வரி நிரலால் தமிழில் நாளையும் நேரத்தையும் காட்டிவிட முடியும்.

இது பெரும் வசதி. அதே வேளையில், இதன் விளைவாகத் தரவுக் களஞ்சியத்தின் தமிழ்ப் பகுதி கண்ணுக்குத் தெரியாத ஓர் இலக்கண நூலாகிவிட்டது. அதில் ஒரு சொல் பொருந்தாமல் அமைந்தால், அச்சொல் ஒரு நூலோடு நின்றுவிடுவதில்லை. அத்தரவை நம்பி இயங்கும் திரைகள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் பரவுகிறது.

முற்பகல், பிற்பகல்: சொற்பொருள் மாற்றம்

ஆங்கிலத்தின் ஏ.எம்., பி.எம். என்னும் குறுக்கங்களுக்கு இணையாகத் தமிழ்த் தரவில் இடம்பெற்ற சொற்கள் முற்பகல், பிற்பகல் என்பன. அவ்வாங்கிலக் குறுக்கங்கள் இலத்தீன் மொழியிலிருந்து வந்தவை. ‘நண்பகலுக்கு முன்’, ‘நண்பகலுக்குப் பின்’ என்பன அவற்றின் பொருள். நண்பகல் என்னும் ஒரு புள்ளியை நடுவில் நிறுத்தி, அதற்கு முந்திய 12 மணி நேரத்தையும் பிந்திய 12 மணி நேரத்தையும் பிரிப்பதே அம்முறை. இரவும் அப்பகுப்பிற்குள் அடங்குவதில் முரண் இல்லை. ஏனெனில் அங்கே பகல் என்னும் கருத்தே கிடையாது.

தமிழில் ‘பகல்’ என்னும் சொல்லுக்கு நடு, நண்பகல் என்னும் பொருள்களும் உண்டு. ‘பகல் 12 மணி’, ‘பகலுணவு’ என்னும் வழக்குகளில் அப்பொருளின் சாயலைக் காணலாம். ஆயினும் இரவுக்கு மறுதலையாகிய ஒளியுள்ள பொழுது என்பதே இன்று மேலோங்கி நிற்கும் பொருள். முற்பகல், பிற்பகல் என்னும் கூட்டுச்சொற்களில் இப்பொருளே செயற்படுகிறது. திருக்குறளின் இன்னாசெய்யாமை அதிகாரத்தில் இவ்விரு சொற்களும் இணையாக ஆளப்பட்டுள்ளன. அங்கு ஒரே பகலின் முற்கூறு, பிற்கூறு என்றே பரிமேலழகர் பொருள் கொள்கிறார். செய்த தீமை எத்துணை விரைவில் திரும்பும் என்பதை உணர்த்த, ஒரு பகற்பொழுதின் குறுகிய எல்லையே அங்குத் துணைபுரிகிறது. அச்சொற்கள் நள்ளிரவு வரை நீளுமாயின் அக்குறளின் விரைவுக் குறிப்பே தளர்ந்துவிடும்.

மொழிபெயர்ப்பில் நண்பகல் என்னும் புள்ளி பகல் என்னும் நீள்பொழுதாக மாறியதால்தான் ‘பிற்பகல் 11:00’ என்னும் தொடர் பிறந்தது. இலத்தீன் வழக்கில் முரணற்றதாக இருந்த ஒன்று, தமிழில் முரணுடையதாகிவிட்டது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். இலங்கையின் ஆட்சித்தமிழில் ‘மு.ப.’, ‘பி.ப.’ என்னும் குறுக்கங்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. தமிழ்நாட்டின் தேர்வு அறிவிப்புகளிலும் அலுவலக ஆணைகளிலும் அவை உள்ளன. ஆகவே அவை புதியனவோ பிழையானவோ அல்ல என்று வாதிடலாம். அவ்வாதம் ஓரளவு உண்மையே. ஆனால் அவ்வறிவிப்புகள் பெரும்பாலும் அலுவல் நேரத்திற்குள் அமைவன. ‘மு.ப. 10.00’ எனத் தொடங்கி ‘பி.ப. 1.00’ என முடியும் ஒரு தேர்வைக் குறிப்பதில் இச்சொற்கள் மிகப் பொருத்தமானவை. மாலை ஏழு, எட்டு மணி நிகழ்ச்சிகளுக்கும் அவை நீளும்போது, முழுச்சொல்லின் பொருள் மறைந்த வெறுங்குறியாகவே குறுக்கங்கள் நிற்கின்றன. இணையச் செயலிக்கோ அலுவல் நேரம் என்பது இல்லை. இரவு 11 மணிக்கும் பின்னிரவு 3 மணிக்கும் அது செய்தி காட்டுகிறது. அதுவும் குறுக்கமாக அன்றி முழுச்சொல்லாகவே காட்டுகிறது. அலுவலக மேசையில் பொருந்திய சொல், நாள் முழுதும் விழித்திருக்கும் திரையில் பொருந்தாமற் போவதற்கு இதுவே காரணம்.

சிறுபொழுதும் தரவுக் களஞ்சியமும்

தொல்காப்பிய அகத்திணையியல் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொள்கிறது. முல்லைக்கு மாலையும், குறிஞ்சிக்கு யாமமும், மருதத்திற்கு வைகறையும் விடியலும், நெய்தலுக்கு எற்பாடும், பாலைக்கு நண்பகலும் உரியனவாக வகுக்கப்பட்டன. எற்பாடு என்னும் சொல்லின் பொருள் குறித்து அறிஞரிடையே கருத்துவேறுபாடு உண்டு எனினும், ஒரு நாளை இரண்டாக அன்றிப் பல கூறுகளாக, ஒளியும் வாழ்க்கையும் சார்ந்து பகுப்பதே தமிழ் மரபு என்பதில் ஐயமில்லை. இன்றைய பேச்சு வழக்கும் இதழ் வழக்கும் இம்மரபின் தொடர்ச்சியே. ‘அதிகாலை 4 மணி’, ‘காலை 9 மணி’, ‘பிற்பகல் 3 மணி’, ‘மாலை 6 மணி’, ‘இரவு 10 மணி’ என்று சொல்வதே இயல்பு. பொழுதுச்சொல் முன்னும், எண் இடையிலும், மணி என்பது இறுதியிலும் நிற்கும் வரிசை இத்தொடர்கள் அனைத்திற்கும் பொது.

தரவுக் களஞ்சியம் இம்மரபை முற்றிலும் புறக்கணிக்கவில்லை என்பதையும் கூற வேண்டும். பொழுதுச்சொல்லை எண்ணுக்கு முன்னால் நிறுத்தும் வரிசை அதில் தமிழுக்கெனச் சரியாகவே அமைந்துள்ளது. இருகூற்றுப் பகுப்போடு, நெகிழ்வுடைய பொழுதுப் பகுப்பு ஒன்றும் அதில் தரப்பட்டுள்ளது. நள்ளிரவு, அதிகாலை, காலை, நண்பகல், மதியம், பிற்பகல், மாலை, அந்தி மாலை, இரவு என்னும் சொற்கள் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. நிரலாளர் விரும்பிக் கேட்டால் உலாவி இச்சொற்களை எடுத்துத்தரும். சிக்கல் என்னவெனில், பொதுவாக நிரலாளர் கேட்பதில்லை. எதுவும் குறிப்பிடாதபோது 12 மணிக் கடிகாரத்திற்கு இருகூற்றுப் பகுப்பே வழங்கப்படுகிறது. சில செயலிகள் ஒரு படி மேலே சென்று, தமிழ்த் தொடரின் நடுவே ஏ.எம்., பி.எம். என்னும் ஆங்கிலக் குறிகளையே வைத்துவிடுகின்றன.

நெகிழ்வுப் பகுப்பிலும் ஆராயத்தக்க இடங்கள் உள்ளன. மாலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடைப்பட்ட நேரம் அதில் ‘அந்தி மாலை’ எனப்படுகிறது. அந்தி என்பது பகலும் இரவும் கூடும் குறுகிய பொழுது. தமிழகத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் ஏழு மணிக்குள் அந்தி அடங்கி இருள் சூழ்ந்துவிடுகிறது. எனவே ‘அந்தி மாலை 8:30’ என்னும் தொடர் எவர் வாயிலும் வழங்காதது; ‘இரவு 8.30’ என்பதே வழக்கு. பல பகுதிகளுடைய வேறொரு மொழியின் கட்டங்களை நிரப்ப வேண்டிய தேவையால் இத்தகைய சொற்கள் அமைந்தனவோ என எண்ணத் தோன்றுகிறது. இதுபோன்ற எல்லைகளை முடிவு செய்வதற்கு இலக்கியச் சான்றும், இதழ் வழக்கும், வட்டார வழக்கும் ஒருங்கே ஆராயப்பட வேண்டும். அது தமிழாய்வாளரின் புலம்.

நாளின் தொடக்கம் எங்கே?

சொல் பொருந்தாமை நடையழகைக் கெடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. அது பொருளிழப்பையும் அலைச்சலையும் விளைவிக்கக்கூடியது. கணினிக்கு நாள் நள்ளிரவில் தொடங்குகிறது. பஞ்சாங்க மரபில் கதிரவன் தோற்றத்தோடு தொடங்கும் நாள் 60 நாழிகை கொண்டது. இம்மரபுணர்வு பேச்சில் இன்றும் வாழ்கிறது. ‘சனிக்கிழமை இரவு 1 மணி’ என்று ஒருவர் கூறினால், சனிக்கிழமைப் பகலைத் தொடர்ந்து வரும் இரவையே கேட்பவர் கருதுவார். கணினியின் கணக்கில் அந்த 1 மணி ஞாயிற்றுக்கிழமையைச் சேர்ந்தது.

15ஆம் நாள் 00:15 மணிக்குப் புறப்படும் தொடர்வண்டியை எடுத்துக்கொள்ளலாம். இந்தியத் தொடர்வண்டிச் சீட்டுகளில் 24 மணி முறை பின்பற்றப்படுவதால் எண்ணில் குழப்பமில்லை. ஆயினும் பயணி 14ஆம் நாள் இரவே நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதை அவ்வெண் தானாக உணர்த்துவதில்லை. இதையே ஒரு செயலி ‘15, முற்பகல் 12:15’ என்று காட்டுமாயின், 15ஆம் நாள் நண்பகலை ஒட்டிய நேரம் என்று பயணி கொள்ளவும் இடமுண்டு. ‘14ஆம் நாள் நள்ளிரவு கடந்து 12.15 மணி (15ஆம் நாள் தொடக்கம்)’ என்று காட்டினால் ஐயத்திற்கு இடமில்லை. சில சொற்கள் கூடுவதால் திரைக்கு இழப்பு ஒன்றுமில்லை. வண்டியைத் தவறவிடுபவருக்கோ இழப்பு பெரிது.

விண்ணப்பங்களின் கடைசி நேரமும் இத்தகையதே. ‘ஏப்ரல் 30 நள்ளிரவு 12 மணி வரை’ என்பது ஏப்ரல் 30 தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? இருவேறு பொருளுக்கும் இத்தொடர் இடந்தருகிறது. ‘ஏப்ரல் 30 இரவு 11.59 மணி வரை’ என்னும் தொடர் அக்கவர்பொருளை நீக்குகிறது.

நேர வலயமும் பொழுதுச்சொல்லை மாற்றும். இந்தியாவும் இலங்கையும் உலகப் பொதுநேரத்திற்கு ஐந்தரை மணி முந்தியவை; சிங்கப்பூரும் மலேசியாவும் எட்டு மணி முந்தியவை. சென்னையில் மாலை 6.00 மணிக்குத் தொடங்கும் இணையவழிக் கருத்தரங்கு சிங்கப்பூரில் இரவு 8.30 மணிக்கு உரியது. எண்ணை மட்டும் மாற்றி ‘மாலை’ என்னும் சொல்லை நிலையாக எழுதிவிடும் செயலி அங்கே ‘மாலை 8.30’ என்று காட்டும். வலயத்தை மாற்றாமல் பொதுநேரத்தையே காட்டும் செயலியிலோ, இந்தியாவில் காலை 5.30 மணிக்கு முன் பதிவான நிகழ்வு அனைத்தும் முந்திய நாளுக்கு உரியதாகத் தோன்றும். பிறப்பு, இறப்புப் பதிவுகளில் இத்தகைய பிழை எளிதில் கடந்து செல்லத்தக்கதன்று.

எழுத்தும் உருபும்

தமிழ் எழுத்தின் அமைப்பும் தொடரின் அமைப்பும் இப்பணியில் மேலும் இரு சிக்கல்களைத் தோற்றுவிக்கின்றன.

முதலாவது, குறுக்கம். நாட்காட்டிக் கட்டங்களில் கிழமைப் பெயரின் முதலெழுத்தை மட்டும் காட்டுவது வழக்கம். ஒருங்குறியில் ‘செ’ என்பது ‘ச’ என்னும் குறியும் எகர உயிர்க்குறியும் சேர்ந்த இரு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. தமிழ் அறியாத நிரல் முதற்குறியை மட்டும் வெட்டி எடுக்கும்போது செவ்வாயும் சனியும் ‘ச’ என ஒன்றாகின்றன. வியாழனும் வெள்ளியும் ‘வ’ என ஒன்றாகின்றன. மாதங்களுள் ஜனவரி, ஜூன், ஜூலை மூன்றும் ‘ஜ’ ஆகின்றன. தரவுக் களஞ்சியத்தில் செ, ச, வி, வெ எனக் குறுக்கங்கள் செம்மையாகவே தரப்பட்டுள்ளன. அவற்றைப் பயன்படுத்தாமல் நிரலாளர் தாமே வெட்டிக்கொள்வதால் பிழை நேர்கிறது. உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கருதும் தமிழ் இலக்கணக் கொள்கை, இங்கே நேரடியாகப் பயன்படும் தொழில்நுட்ப விதியாகிறது.

இரண்டாவது, வேற்றுமை. ஆங்கிலத்தில் நாளைக் குறிக்கும் தொடருக்கு முன் ஓர் இடைச்சொல்லை வைத்தால் போதும்; நாளின் வடிவம் மாறாது. தமிழில் நாள் ஒரு பெயர்ச்சொல்லாக நின்று உருபேற்கிறது. ‘மார்ச் 5 அன்று’, ‘மார்ச் 5ஆம் நாள் முதல்’, ‘மார்ச் 5ஆம் நாளுக்குள்’ என்று அது விரியும். உருபு ஏற்ற இடத்தை விட்டுவிட்டு, ‘5 மார்ச், 2024’ என்னும் ஆயத்த வடிவத்தின் பின்னால் ‘க்குள்’ என்பதை நிரல் ஒட்டும்போது, ‘5 மார்ச், 2024க்குள்’ என்னும் தொடர் உருவாகிறது. இங்கே உருபு நாளை விட்டு ஆண்டின்மேல் ஏறிவிடுகிறது. நாளுக்குரிய கெடுவா, ஆண்டுக்குரிய கெடுவா என்னும் தயக்கம் படிப்பவருக்கு ஏற்படுகிறது. ‘2024 மார்ச் 5ஆம் நாளுக்குள்’ என்று ஆண்டு முன்னும் நாள் இறுதியிலும் நிற்கும் வரிசையே உருபேற்பதற்கு இயைந்தது. பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்லும் தமிழ்த் தொடரியல் போக்கிற்கும் அது ஒத்தது.

எதிர்கால இடைவெளியைக் குறிக்கும் ‘3 நாட்களில்’ என்னும் தொடரும் இவ்வகையினதே. மூன்று நாளுக்குள் என்றும், மூன்று நாள் கழிந்தபின் என்றும் அது பொருள்படும். பணம் செலுத்துவதற்கு முதற்பொருளும், நிகழ்ச்சி தொடங்குவதற்கு இரண்டாம் பொருளும் வேண்டப்படுகின்றன. ‘3 நாளுக்குள்’, ‘3 நாள் கழித்து’ என இரு வடிவங்களையும் தனித்தனியே வைப்பதே முறை.

மறுப்புகளும் விளக்கமும்

24 மணி முறையைப் பின்பற்றினால் பொழுதுச்சொல்லே தேவையில்லை என்பது ஒரு கருத்து. அட்டவணைகளுக்கும் கால வரிசைப் பட்டியல்களுக்கும் அம்முறை மிகவும் ஏற்றது. அங்கே பொழுதுச்சொல்லைப் புகுத்த வேண்டியதில்லை. ஆனால் ஒருவரை விளித்துச் சொல்லும் அறிவிப்பில் ‘22:30 மணிக்கு மருந்து உட்கொள்க’ என்பதைவிட ‘இரவு 10.30 மணிக்கு மருந்து உட்கொள்க’ என்பது முதியோருக்கும் உடனே விளங்கும். எங்கு எண் போதும், எங்குச் சொல் வேண்டும் என்று பிரித்தறிவதே தேவை.

பொழுதுகளின் எல்லை ஊருக்கு ஊர் மாறுபடும். ஆகவே அவற்றைத் தரப்படுத்த இயலாது என்பது மற்றொரு கருத்து. ‘மாலை 7 மணி’, ‘இரவு 7 மணி’ என்னும் இரண்டும் வழக்கில் உள்ளமை உண்மையே. எனினும் எல்லையோரத்து ஐயம், நடுப்பகுதியின் தெளிவை அழித்துவிடாது. இரவு 11 மணியைப் பிற்பகல் என்று சொல்லும் வட்டாரம் எதுவுமில்லை. விவாதத்திற்குரிய தொடக்க வரைவாகப் பின்வரும் பகுப்பைக் கொள்ளலாம்: நள்ளிரவு 12 முதல் 3 வரை நள்ளிரவு, 3 முதல் 6 வரை அதிகாலை, 6 முதல் 12 வரை காலை, 12 மணி நண்பகல், 12 முதல் 4 வரை பிற்பகல், 4 முதல் 7 வரை மாலை, 7 முதல் 12 வரை இரவு. இலங்கை வழக்கிற்கு மு.ப., பி.ப. என்னும் குறுக்கங்களைப் பகற்பொழுதிற்குத் தொடர்ந்து கொள்வதும் பொருந்தும். நான்கு நாட்டு வழக்குகளுக்கும் தனித்தனித் தரவு வைக்க இடமிருக்கும்போது, ஒன்றை மற்றொன்றின்மேல் திணிக்க வேண்டியதில்லை.

முடிவுரை

தரவுக் களஞ்சியத்தின் தமிழ்ப் பகுதி மூடிய ஏடன்று. அதற்கென அமைந்த கணக்கெடுப்புக் கருவியின் வழியே பங்களிப்போர் சொற்களை முன்மொழியவும், முன்மொழியப்பட்டவற்றுக்கு வாக்களிக்கவும் முடியும். தமிழ்த்துறைகள் செய்யத்தக்கவை மூன்று. ஒன்று, நாளிதழ், வானொலி, அரசாணை, பேச்சு ஆகியவற்றில் பொழுதுச்சொற்களின் எல்லைகளை மணிவாரியாகத் தொகுத்து ஆராய்தல். இது முதுகலைப் பட்ட ஆய்வுகளுக்கு ஏற்ற களம். இரண்டு, அவ்வாய்வின் முடிவைச் சான்றுகளுடன் களஞ்சியத்திற்கு முன்மொழிதல். மூன்று, தமிழில் செயலி உருவாக்குவோருக்கென, உருபேற்கும் நாள் வடிவங்களையும் குறுக்கங்களையும் விளக்கும் சிறு கையேடு ஒன்றை வெளியிடுதல்.

கலைச்சொல்லாக்கத்தில் தமிழ் ஆய்வுலகம் காட்டிய ஊக்கம் பெரிது. அவ்வூக்கம் பெரும்பாலும் புதிய பொருள்களுக்குப் புதுச்சொல் காண்பதில் செலவாயிற்று. நாள், நேரக் காட்சியிலோ புதுச்சொல் எதுவும் வேண்டப்படவில்லை. வைகறையும் மாலையும் யாமமும் பகுத்தறிந்த மொழியில், இன்றும் மக்கள் நாவில் வழங்கும் காலை, மாலை, இரவு என்னும் சொற்களை அவற்றுக்குரிய மணிகளில் நிறுத்தினால் போதும். அதைச் செய்யாதவரை, தமிழறியாத நிரலின் இயல்புநிலைத் தெரிவே தமிழ்ப் பொழுதின் இலக்கணமாக நீடிக்கும். அத்திரையைப் பார்த்தே எண்ணும் எழுத்தும் கற்கும் குழந்தைக்கு இரவு 11 மணி பிற்பகலாகவே பதியும்.